வெறுங்கையன் பின்னால் போக வேண்டும்

எனக்கு நிற்கத் தெரிந்தது ஐம்பது வயதுக்கு மேல்தான். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடக்கக் கற்றுக்கொடுத்தவள் என் தாய். நிற்கக் கற்றுக்கொடுத்தவள் என் பெண்சாதி, அதுவும் முதுகில் கையை வைத்துத் தள்ளித் தள்ளி.

ஆம்பூரில், பாலாற்றங்கரையை ஒட்டி இருந்த ஒரு தோல் ஷாப்பில் நான் குழி வேலைக்காரன். மீசை முளைக்கும் வயதில் உள்ளே போனவன். சீமையில் பெரிய சண்டை நடந்தபோது பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்கத் தோல் போதவில்லை என்று மூச்சு விடாமல் உழைத்த கூட்டத்தில் நானும் ஒருவன். அத்தனை தோலைப் புரட்டியும் எங்கள் கால் எதற்கும் செருப்புக் கிடையாது. ஷாப்பில் பூட்ஸ் போட்டவர் மேஸ்திரி ஒருவர்தான். அவர் வருகிறார் என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வோம்.

தோல் ஷாப்பைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தோலில் இருக்கும் மயிர் கழல்வதற்காக அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அதற்காகத் தரையில் வரிசை வரிசையாகக் குழிகள் வெட்டிக் கட்டியிருக்கும். மார்பளவு ஆழம். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரின் தலைதான் எங்களுக்குப் பாதை. அகலம் ஒரு பாதத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். சுண்ணாம்பும் கொழுப்பும் மயிரும் சேர்ந்து எப்போதும் வழவழவென்று இருக்கும். புங்க எண்ணெயை முழங்கால் வரைக்கும் தடவிக்கொண்டு, நீளமான இடுக்கியால் ஊறின எருமைத் தோலை இழுத்து, தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சுவர்மேல் நடந்து கரைக்கு வரவேண்டும். ஊறின எருமைத் தோல் என்ன கனம் கனக்கும் என்பது தூக்கினவனுக்குத்தான் தெரியும்.

வேலை மும்முரத்தில் இரண்டு பேர் எதிரெதிரே ஒரே சுவரில் ஏறிவிடுவது சகஜம். அதற்கு எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. தோலோடு வருபவன் நிற்கமாட்டான். வெறுங்கையன் பின்னால் போக வேண்டும். திரும்பக் கூடாது, பின்னாலேயே அடி வைத்துப் போக வேண்டும். தோல் இல்லாத வெறுங்கையன் தோளிலும் இடுக்கி இருக்கும்; திரும்பினால் அது சுற்றி, பக்கத்துச் சுவரில் போகிறவனைக் குழியில் தள்ளிவிடும். இந்தக் கட்டுப்பாட்டை முதலாளி வைக்கவில்லை, மேஸ்திரியும் வைக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் விழுந்து விழுந்து கண்டுபிடித்தது. அதை மீறினவனோடு யாரும் ஒரு மாதத்துக்குப் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

நான் எத்தனையோ வருஷம் அப்படிப் பின்னால் போனவன். ஒரு ஐப்பசி மழையில், வெறுங்கையோடு போய்க்கொண்டிருந்தபோது எதிரே தோலோடு ஒருத்தன் வந்தான். நானும் வழக்கம்போலப் பின்னால் அடி வைத்தேன். அன்றைக்கு என்னவோ ஒரு பயம். சுவர் பின்னால் இருக்கிறதா என்று ஒரு சந்தேகம். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். வானம் ஒரு பக்கம் சாய்ந்தது, நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். உடம்பு கட்டைபோல விறைத்துக்கொண்டதே தவிர, கால் நகரவில்லை. சுண்ணாம்புக் குழியில் முழுசாகப் போய் விழுந்தேன்.

இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதால் கண் தப்பித்தது. முழங்கையிலும் முதுகிலும் தோல் உரிந்தது. எருமைத் தோலை உரிக்கிற சுண்ணாம்பு என் தோலை மட்டும் விட்டுவிடுமா என்ன.

காயம் ஆறி நான் போனபோது மேஸ்திரி என்னைக் குழிப் பக்கம் விடவில்லை. அவரும் நானும் ஒரே காலத்தில் குழியில் இறங்கினவர்கள். அவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பிறகு அவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டார்.

"இனிமே குழி வோணாம்யா. பட்டைக் கொட்டகைல போய் உக்காரு" என்றார்.

"ஒரு தபா வழுக்கினதுக்கா மேஸ்திரி?"

"வழுக்கினது ஒரு தபாதான். போன வருசம் ஒருத்தனுக்குக் கண்ணு போச்சே, அதுவும் ஒரு தபாதான். அவன் பொஞ்சாதி வந்து என் எதிர்ல நின்னா பாரு, அந்தப் பேஜார் இன்னொரு வாட்டி எனக்கு வோணாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. பட்டைக் கொட்டகை என்பது தோல் பதப்படுத்த வரும் ஆவாரம்பட்டையை உட்கார்ந்து இடிக்கிற இடம். கிழங்களும், குழி வேலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களும் அங்கே இருப்பார்கள். அங்கே போனவன் யாரும் திரும்பிக் குழிக்கு வந்ததில்லை. கூலி குறைந்தது எனக்கு இரண்டாம் பட்சம். என் குழி வரிசையில் வேறொருத்தன் இடுக்கியோடு நிற்பதைக் கொட்டகை வாசலில் இருந்து தினமும் பார்க்கவேண்டும் என்பதுதான் வயிற்றெரிச்சல். எனக்கு அந்த வரிசை திரும்ப வேண்டும். அதைத் தவிர வேறு எதையும் நான் அப்போது நினைக்கவில்லை.

உட்கார்ந்தே இருந்ததில் உடம்பு இன்னும் கெட்டது. ஒருநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் கழுவினேன். என் பெண்சாதி தண்ணீர்ச் செம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்கு முன்னால் யார் நிற்பது?

"இன்னாய்யா, செவுத்தப் புடிச்சிக்கினு கால் கழுவுற? சுண்ணாம்புக் குழில செவுரு எந்தப் பக்கம் இருக்கும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கையை எடுத்தேன். ஒற்றைக் காலில் நிற்கமுடியாமல் தத்தினேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், பாரம் குறைந்திருக்கும். செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முதல் சுவரைப் பிடிப்பதில்லை என்று முடிவு கட்டினேன். கால் கழுவும்போது ஒற்றைக் காலில் நின்றேன். வேட்டி கட்டும்போது நின்றேன். பல் விளக்கும்போதும் கொக்கு மாதிரி நின்றேன். முதலில் தள்ளாட்டம்தான். கொஞ்ச நாளில் செம்புத் தண்ணீர் தீர்கிற வரைக்கும் நிற்க வந்தது. பிறகு பாலாற்றுக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் ஆறு மழைக்கு ஓடி முடித்ததும் மணலாகத்தான் கிடக்கும். பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பார்கள். நான் விடியற்காலையில் போய் அந்த மணலில் பின்னால் நடந்தேன்.

ஊர் சும்மா இருக்குமா. ஒரு பெரிய மனுஷன் காலங்கார்த்தாலே ஆற்றில் பின்பக்கமாக நடக்கிறான் என்றால் என்ன நினைப்பார்கள்? குழியில் விழுந்த அன்றைக்கே ஏதோ பிடித்துக்கொண்டது என்றார்கள். மாதனூர்ப் பக்கம் நன்றாக மந்திரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று என் பெண்சாதியிடமே வந்து ஒருத்தி யோசனை சொன்னாள்.

"பேய் புடிச்சிருந்தா தேவலையே, அதுவாவது அவரை நேரா நடக்க வெச்சிருக்கும்" என்று அவளை அனுப்பிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கு இவளும் என் பின்னால் ஆற்றுக்கு வந்துவிட்டாள்.

ஊற்றுப் பக்கத்தில் குடத்தை வைத்துவிட்டு நான் நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. தள்ளாட்டமே இல்லாமல் நடந்து காட்டினேன். அவள் சுற்றிக்கொண்டு வந்து, பக்கவாட்டில் இருந்து என் தோளில் கையை வைத்து ஒரே தள்ளு. பொத்தென்று மணலில் விழுந்தேன். மூக்கு, வாய் எல்லாம் மணல்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "இன்னாமே, பைத்தியமா உனக்கு? சொல்லிட்டுத் தள்ளக் கூடாதா?" என்று கத்தினேன்.

"குழில உன்னைக் கேட்டுட்டா வழுக்கும்?" என்றாள்.

நான் மணலைத் துப்பினேன்.

"நீ நடக்கறதுல ஒரு கொறையும் இல்லய்யா. சாஞ்சா கால் போவ மாட்டேங்குது. அப்டியே மரமா நிக்கற. அன்னிக்கும் இதானே ஆச்சி?"

அதுதான் ஆச்சு. அவள் ஷாப்புக்குள் ஒருநாளும் வந்தவள் இல்லை. என் உடம்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். நான் இத்தனை நாளும் விழாமல் நடப்பதற்குத்தான் பழகியிருந்தேன். சாய்ந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்று பழகவே இல்லை. சின்ன வயதில் அது தானாக வந்தது. வயசானதும் அதற்கும் பழக்கம் வேண்டியிருக்கிறது.

அதிலிருந்து என் வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று. ஆற்றில் தள்ளினாள். வரப்பில் தள்ளினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தள்ளினாள். ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில், நாலு பேர் பார்க்க, இடுப்பில் முழங்கையால் ஒரு இடி இடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல முன்னால் போனாள். வீட்டுக்கு வந்ததும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுக்கு அதெல்லாம் லட்சியமே இல்லை. "நீதான் குழிக்குப் போவணும்ன, நானா போவணும்ன?" என்று சோற்றைப் போட்டாள்.

பின்னால் நடப்பதிலும் ஒரு சூட்சுமம் பிடிபட்டது. ஆற்றுக்கு எதிரே தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனால் உடம்பு நேராக நின்றது. பின்னால் என்ன இருக்கிறது என்று நினைத்த நிமிஷம் குதிகால் தடுமாறியது. அப்போதுதான் உறைத்தது. சுவர்மேல் பின்னால் போகிறவன் எதிரே தோலோடு வருபவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் போவான். அது மரியாதைக்கு என்று நினைத்திருந்தேன். காலுக்கு அதுதான் பிடிமானம்.

தை மாதம் என்று நினைக்கிறேன். ஊற்றில் இருந்து அவள் குடத்தோடு வருகிறாள் என்று நினைத்து நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். குடத்தை எப்போதோ கீழே வைத்துவிட்டு ஓடிவந்து முழுப் பலத்தோடு தள்ளியிருக்கிறாள். என் வலது கால் குறுக்கே போய் ஊன்றியது. நான் அதை அனுப்பவில்லை, அதுவே போயிற்று. நான் நின்றேன். தள்ளின வேகத்தில் அவள்தான் மணலில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஊற்றுக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணத்தன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததா என்று தெரியவில்லை.

மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். "மறுபடி ஆரம்பிக்காதய்யா" என்றார். ஒற்றைக் காலில் நின்று காட்டினேன். "தரையில எங்க வூட்டுக் கோழிகூட நிக்கும்" என்று போய்விட்டார். அவர் பூட்ஸ் சத்தம் எனக்கு அன்று முழுவதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மாசி மாதம் ஊரில் காய்ச்சல் பரவிற்று. குழி ஆட்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். தோல் குழியில் கிடந்தது. சுண்ணாம்பில் கணக்குக்கு மேல் கிடந்தால் தோல் வெந்து நார் நாராகப் போய்விடும், அதற்குப் பிறகு அது எதற்கும் உதவாது. இருந்த ஆட்கள் முதல் வரிசையிலேயே திணறிக்கொண்டிருந்தார்கள். என் பழைய வரிசைப் பக்கம் யாருமே போகவில்லை. கொட்டகை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பட்டை இடிக்கிற உலக்கையைப் போட்டேன். முழங்காலுக்குப் புங்க எண்ணெய் தடவினேன். யாரையும் கேட்கவில்லை.

சுவரில் காலை வைத்ததும் ஒரு கணம் உள்ளங்கால் கூசியது. பிறகு அந்த வழவழப்பு பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. இடுக்கியால் ஒரு எருமைத் தோலை இழுத்து, தண்ணீர் வடியத் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தேன். கொட்டகையில் உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

பூட்ஸ் சத்தம் கேட்டது. மேஸ்திரி கரையில் இருந்து ஓடிவந்து, என்னைத் தடுக்கிற அவசரத்தில் என் எதிரே அதே சுவரில் ஏறிவிட்டார். பாதிச் சுவரில் நேருக்கு நேர் நின்றோம்.

"எறங்குய்யா. யாரு உன்னை வரச் சொன்னது?"

இறங்குவதற்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்புதான் இருந்தது.

"மேஸ்திரி, நான் தோலோட வர்றேன்" என்றேன்.

குழி ஆட்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். என்ன இருந்தாலும் அவரும் குழியில் இருந்து போனவர். கட்டுப்பாடு அவருக்கும் தெரியும். மேஸ்திரி என்பதற்காக அது மாறாது. முகம் சிவந்தது. ஆனாலும் பூட்ஸ் காலைத் தூக்கிப் பின்னால் வைத்தார். ஒரு அடி சரியாகப் போயிற்று. அடுத்த அடிக்கு முன்னால், நான் அன்றைக்குச் செய்ததையே அவரும் செய்தார். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

பூட்ஸ் வழுக்கியது. அவர் விறைத்துக்கொண்டு குழிப் பக்கம் சாய்ந்தார். என் இடது கால் முன்னால் போய் ஊன்றியது. கை அவர் சட்டையைப் பற்றியது. தோள் சாய்ந்ததில் தோலும் இடுக்கியும் குழிக்குள் போய்விட்டன. அவர் கனம் முழுக்க என் கையில். சுவரின் விளிம்பில் என் விரல்கள் கவ்விக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. இழுத்தேன். அவர் நேராக நின்றார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

அவர் தலை மறுபடியும் திரும்பப் பார்த்தது.

"பின்னால பாக்காதீங்க. என் மொகத்தப் பாருங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. பயந்த கண். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன், அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். அப்படியே, சட்டையை நான் விடாமல், முகத்தை அவர் விடாமல், கரை வரைக்கும் வந்தோம்.

கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அடியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை வழித்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கொட்டகைக்குப் போ என்று சொல்லப்போகிறார், என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தோல் குழில கெடக்குதே, யாரு எடுக்கறது?" என்றார்.

நான் குழியைத் திரும்பிப் பார்த்தேன்.

"உன் குழிதானேய்யா. நீயே போய் எடு."

உன் குழி என்றார். நான் திரும்பிச் சுவரில் ஏறினபோது கொட்டகைப் பக்கம் இருந்து ஒரு ஆரவாரம் எழும்பிற்று. கண் கரித்தது. சுண்ணாம்புக் காற்று என்று மற்றவர்களிடம் சொன்னேன். அது பொய். அழுகைதான். அன்றைக்கு அந்த வரிசையில் கடைசித் தோல் வரைக்கும் நான்தான் இழுத்துப் போட்டேன்.

வீட்டில் வந்து சொன்னபோது அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தோலை ஏன்யா குழில உட்ட?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் அவள் பாராட்டு.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, ஷாப்புக்கு விடுமுறை. ஆற்றில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணலில் ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் மேஸ்திரி. பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு.

"தங்கச்சி, என்னையும் கொஞ்சம் தள்ளிப் பாரும்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் தள்றதுக்கா வந்தேன்? தண்ணி எடுக்க வந்தேண்ணா" என்று சொல்லிக்கொண்டே அவள் அவரைத் தாண்டிப் போனாள். அவரும் சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். அந்த நேரம் பார்த்து, அந்நிய ஆண்மேல் கை படக் கூடாது என்று, காலிக் குடத்தின் அடியால் அவர் முதுகில் கொடுத்தாள் ஒரு தள்ளு. மேஸ்திரி மணலில் குப்புறப் போனார். பூட்ஸ் ஒரு பக்கம் பறந்தது.

"இது பட்டைக் கொட்டகைக்கு" என்றாள் நிதானமாக. "எழுந்திருங்கண்ணா. இனிமேதான் பாடம்."